அலுமினியத்துல கிராக் விழுந்தா என்ன செய்யணும்: ஏணி, வள்ளத்து பிராக்கெட், சைக்கிள் வச்சிருக்கவங்களுக்கு

மூணு வருசத்துக்கு முன்ன, ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த நேரம், கொளச்சல் பக்கத்துல இருந்து ஒரு அண்ணன் சாக்குல சுத்தி ஒரு சாமானக் கொண்டாந்து எனக்க டேபிள்ல வச்சாரு. வள்ளத்துக்குப் பின்னாடி எஞ்சின் மாட்ட நான் அலுமினியப் பிளேட் அறுத்து வெல்டு வச்சுக் குடுத்த பிராக்கெட்டு, ரெண்டா ஒடிஞ்சு கிடக்கு. கரையில ஏத்தும்போது ஒடிஞ்சிருக்கு, கயிறு போட்டுக் கட்டியிருந்ததால எஞ்சின் தப்பிச்சுது. "பாத்தியா தம்பி, ஒனக்க ஒட்டு ஒடியல, பக்கத்துலதான் ஒடிஞ்சிருக்கு, ஒட்டு நல்ல ஒட்டுதான்"னு என்னப் பாராட்டிட்டு இருக்காரு மனுசன். எனக்குச் செவிட்டுல ஒண்ணு விட்ட மாதிரி இருந்துச்சு. அலுமினியத்துல ஒட்டுக்குப் பக்கத்துல ஒடிஞ்சா அது ஒட்டுனவன் பாத்துருக்க வேண்டிய விசயம், அவரு அது தெரியாம எனக்கு சர்டிபிகேட் குடுக்காரு.

அன்னையில இருந்து அலுமினியத்த ஒட்டுறதுக்கு முன்னாடி நான் செய்யுற வேலைதான் இங்க வரிசையா எழுதுகேன். ஒர்க்‌ஷாப்ல புதுசா சேர்ந்த பையங்களுக்கும், வீட்டுல அலுமினிய ஏணியோ சைக்கிளோ வச்சுட்டு "இதுல என்ன டே ஒரு கோடு கிடக்கு"ன்னு யோசிக்கிறவங்களுக்கும் இது போதும்.

முதல்ல ஒரு கணக்கு

பலம்னு நாம சொல்றது ஒண்ணு, திரும்பத் திரும்ப ஆடி ஆடி வெடிக்காம இருக்கிறது வேற ஒண்ணு. இது புரியலன்னா மத்தது எதுவும் புரியாது, அதனால கொஞ்சம் பைய படிங்க.

6061 டி6னு, சூடு குடுத்துப் பலம் ஏத்துன ஒரு அலுமினியம் எல்லா கடையிலயும் கிடைக்கும். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 28 கிலோ இழுத்தா அது நிரந்தரமா நீள ஆரம்பிக்கும், 31 - 32 கிலோல அத்துப்போவும். படிச்சவங்க இதையே 276, 310 மெகாபாஸ்கல்னு சொல்லுவாங்க. இது ஒரே தடவை இழுத்தா வர்ற கணக்கு. அதே கம்பிய முன்னயும் பின்னயும் 50 கோடி தடவை வளைச்சா தாங்குறது வெறும் 10 கிலோ, அதாவது மூணுல ஒரு பங்குகூட இல்ல. அதுவும் லேப்ல நல்லா பாலிஷ் போட்ட கம்பிக்கு. உப்புக் காத்துல குழி விழுந்து, ஓட்டை போட்டு, வெல்டு வச்ச நம்ம சாமானுக்கு இன்னும் எவ்வளவோ கம்மி.

இரும்புக்கு ஒரு வசதி உண்டு. ஒரு அளவுக்குக் கீழ லோடு இருந்தா எத்தனை கோடி தடவை ஆட்டுனாலும் அது பாட்டுக்குக் கிடக்கும், துரு மட்டும் பிடிக்கக் கூடாது. அலுமினியத்துக்கு அந்தமாதிரி ஒரு கோடு கிடையாது. லோடு கொறையக் கொறைய ஆயுசு கூடும், ஆனா என்னைக்கோ ஒரு நாளைக்கு முடியும். 50 கோடிங்கிறதும் டெஸ்ட் பண்றவங்க ஒரு எடத்துல நிறுத்தணுமேன்னு வச்ச கணக்குதான்.

50 கோடின்னா பெருசாத் தெரியுதா? வள்ளத்து எஞ்சின் நிமிசத்துக்கு 5000 சுத்து சுத்துதுன்னு வச்சுக்கிடுங்க, சுத்துக்கு ஒரு ஆட்டம், ஒரு மணி நேரத்துக்கு 3 லட்சம். 50 கோடிக்கு 1667 மணி நேரம். ஒரு நாளைக்கு 6 மணி நேரம் ஓட்டுனா 280 நாள்ல முடிஞ்சுது. ஒவ்வொரு ஆட்டமும் 10 கிலோ அளவுக்குப் போவாதுதான், ஆனா எண்ணிக்கைய நெனச்சா எனக்கு இப்பவும் வயித்தக் கலக்கும்.

ஏணிக் கதை வேற. ஒரு நாளைக்கு 40 தடவை ஏறுனாலும் வருசத்துக்கு 15 ஆயிரத்தத் தாண்டாது. ஆனா படியும் தூணும் சேர்ற மூலையில லோடு ஒரே எடத்துல குவியும், அதனால கொஞ்ச எண்ணிக்கையிலயே வெடிக்கும். அதோட விளைக்கு நல்லமிளகு பறிக்கக் கொண்டுபோறவங்க ஜீப்பு மேல ஏணியச் சும்மா போட்டு, குலசேகரம் தாண்டி மேட்டு ரோட்டுல கடகடன்னு அடிச்சுட்டே போவாங்க. அந்த ஆட்டமும் கணக்குல சேரும். யாரும் ஏறாமலே ஏணிக்கு வயசாவுது.

எந்த ஜாதி அலுமினியம்னு பாருங்க

அலுமினியம்னா எல்லாம் ஒண்ணுன்னு நெனைக்காதீங்க. நாலு இலக்க நம்பர்ல முதல் இலக்கம் என்ன கலந்திருக்குன்னு சொல்லும். 2-ல தொடங்குனா செம்பு, 5-னா மக்னீசியம், 6-னா மக்னீசியமும் சிலிக்கானும், 7-னா துத்தநாகம். கடலுக்கு 5083, 5052 மாதிரி சாமான் நல்லது. ஏணி, ஜன்னல் பிரேம், சைக்கிள் பைப்பு பெரும்பாலும் 6-ல தொடங்கும். 2024, 7075 இதெல்லாம் விமானத்துக்குப் போற சாதனம், விலை கூடுன சைக்கிள் பார்ட்ஸ்லயும் வரும்.

7075 பத்தி ஒண்ணு சொல்லணும், ஏன்னா "அதுதான் அண்ணே ஸ்ட்ராங்கு"ன்னு பையங்க இன்டர்நெட்ல பாத்துட்டு வந்து நிக்காங்க. 6061 நீள ஆரம்பிக்கிறது 276 மெகாபாஸ்கல்ல, இது 503-ல, உண்மைதான் ரொம்ப ஸ்ட்ராங்கு. ஆனா அந்த 50 கோடி ஆட்டத்துக்கு 6061 தாங்குறது 97, இது தாங்குறது 159. பலம் ஏறுன அளவுக்கு ஆட்டம் தாங்குறது ஏறல. அதோட சாதாரண வெல்டிங் வச்சா ஆறும்போதே வெடிக்கும். 2024-ம் அப்படித்தான். இந்த ரெண்டையும் யாராவது "ஒட்டித் தாரேன்"னு சொன்னா சாமானத் திரும்ப வாங்கிட்டு வந்துருங்க.

நம்பர் தெரியலன்னா ஒரு பழைய வழி உண்டு. கையுறை, கண்ணாடி போட்டுக்கிட்டு, பெயின்ட் இல்லாத எடத்துல காஸ்டிக் சோடா கரைசல் ஒரு சொட்டு விட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சுத் தண்ணி ஊத்திக் கழுவுங்க. கருப்பா ஆச்சுன்னா செம்பு கலந்த ஜாதியா இருக்கலாம், கைய எடுத்துருங்க. வெளிர் சாம்பலா இருந்தா 5, 6 பக்கம்னு ஓரளவு நம்பலாம்.

எங்க தேடணும்

கிராக் கண்ட எடத்துல எல்லாம் விழாது. ஓட்டை, கூர் மூலை, வெல்டுக்க கரை, ரிவிட், நசுங்குன எடம், பெயின்ட் உரிஞ்சு வெள்ளப் பொடி பூத்திருக்கிற எடம், அங்கதான் தொடங்கும். ஏணியில கீழ மூணு படியும் தூணும் சேர்ற எடம், மடக்குற கீல். சைக்கிள்ல ஹேண்டில் பைப்புக்குக் கீழ ரெண்டு பைப்பு சேர்ற எடம், பெடல் அச்சு பக்கம், சீட்டு கிளாம்ப் இறுக்குற எடம். வள்ளத்து பிராக்கெட்டுல போல்ட் ஓட்டையும் வெல்டும்.

ஸ்டீல் போல்ட் அலுமினியத்தத் தொட்டு உப்புத் தண்ணியும் சேர்ந்துதுன்னா அது பேட்டரி மாதிரி, கரையுறது அலுமினியம். ஸ்டெயின்லெஸ் போட்டா கரையாதுன்னு நம்பி முட்டத்துல இருந்து சின்ன முட்டம் வரைக்கும் எல்லாரும் போடுகாங்க. ஸ்டெயின்லெஸ்ஸுக்கு ஒண்ணும் ஆவாது சரி, அதுக்குக் கீழ இருக்கிற அலுமினியத்துலதான் குழி விழும். அந்தக் குழிதான் கிராக்குக்கு முதல் வாசல்.

ரிவிட்ட சுத்தி கருஞ்சாம்பல்ல புகை அடிச்ச மாதிரி ஒரு வால் இழுத்திருந்தா அழுக்குன்னு துடைச்சுப் போட்டுறாதீங்க. ரிவிட் லூசாகி உள்ள உரசி உரசி வர்ற பொடி அது.

உப்புக் காத்தும் ரிவிட்டும் சேர்ந்தா என்ன ஆவும்னு பாக்க 1988 ஏப்ரல் 28ஆம் தேதி ஹவாய்த் தீவுல நடந்ததப் பாருங்க. அலோஹா ஏர்லைன்ஸோட போயிங் 737, 19 வருசம் தீவுக்குத் தீவு குட்டிக் குட்டி தூரமா பறந்த விமானம், 89,680 தடவை ஏறி இறங்குனது. ஒவ்வொரு தடவையும் உள்ள காத்தடைச்சு உடம்பு விரியும், இறங்குனா சுருங்கும். ஷீட் மேல ஷீட் வச்ச ஜாயின்ட்ல பசை விட்டு, உப்பு ஈரம் புகுந்து, லோடு பூரா ரிவிட் ஓட்டை மேல விழுந்து, ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு சின்ன கிராக். எல்லாம் ஒண்ணா சேர்ந்ததும் 24,000 அடி உயரத்துல முன்பக்கக் கூரை சுமார் 18 அடி நீளத்துக்குப் பிச்சுட்டுப் போச்சு. ஒரு பணிப்பெண் உயிர் போச்சு, மத்தவங்களோட எப்படியோ இறக்கிட்டாங்க. இதுல என்னப் பிடிச்சு உலுக்குன விசயம், ஏறும்போதே ஒரு பயணி கதவுப் பக்கத்துல ஒரு வெடிப்பப் பாத்துருக்காங்க, ஆனா யார்ட்டயும் சொல்லல. நீங்க பாத்தா சொல்லிருங்க, கடைக்காரன் சிரிச்சாலும் பரவால்ல.

எப்படிப் பாக்கணும்

உப்பத் தண்ணியில கழுவி, சோப்புப் போட்டு எண்ணெய எடுத்து, காய விடுங்க. இங்கதான் எல்லாரும் தப்பு செய்யுகாங்க, பளபளன்னு ஆக்கணும்னு கிரைண்டர்ல கம்பி வீல் போட்டு உருட்டிருவாங்க. அலுமினியம் மெத்து, தேய்ச்சா மேல்தோல் இழுபட்டு கிராக்குக்க வாய மூடிரும், பொறவு எந்தக் கண்ணாடி வச்சும் தெரியாது. பெயின்ட்ட ரிமூவர் போட்டு எடுங்க, உரசாதீங்க.

அப்புறம் டார்ச்ச நேரா அடிக்காம சரிச்சு, தரையோட தரையா அடிக்கிற மாதிரி அடிச்சுப் பாருங்க. கீறல்னா அடியில மினுங்கும், நேரா போவும், நகத்த வச்சா அடி தட்டும். வெடிப்பு நெளிஞ்சு நெளிஞ்சு, லோடு இழுக்கிற திசைக்குக் குறுக்கால போவும். சந்தேகமா இருந்தா ஒருத்தரப் பிடிச்சு அழுத்தச் சொல்லிட்டுப் பாருங்க, வெடிப்புன்னா வாய் தொறந்து மூடுறது தெரியும், சில நேரம் பழைய எண்ணெய்கூட ஒரு கோடா வெளிய வரும்.

கையில காசு இல்லாதவங்களுக்கு எங்க ஆசான் காட்டித் தந்த வழி: மண்ணெண்ணெய் தடவி கால் மணி நேரம் விட்டு, துணியால நல்லாத் துடைச்சுட்டு, சாக்பீஸ் பொடியத் தூவுங்க. வெடிப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கிற எண்ணெய் பொடிய நனைச்சு ஒரு கோடு காட்டும். இத இன்னும் நல்லாச் செய்யணும்னா டை பெனட்ரன்ட் செட்டு வாங்குங்க, கிளீனர், செகப்பு டை, வெள்ளை டெவலப்பர்னு மூணு டின்னு. செகப்ப அடிச்சு 10 - 20 நிமிசம் ஊற விடணும், துணியில கிளீனர நனைச்சுத் துடைக்கணும், டின்ன நேரா மேல அடிச்சா உள்ள போன டையும் சேர்ந்து கழுவிட்டுப் போயிரும். பொறவு வெள்ளைய மெல்லிசா அடிச்சுட்டு ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. வெள்ளையில செகப்பு நூல் மாதிரி ஊறி நின்னா அதான் ஆளு.

அடையாளம் போட மார்க்கர் பேனா போதும். ஆணியால கீறாதீங்க, அந்தக் கீறலே அடுத்த கிராக்க ஆரம்பிச்சு வைக்கும். பென்சிலும் வேண்டாம், அதுல இருக்கிற கிராஃபைட் அலுமினியத்தோட சேர்ந்தா அரிப்பு வரும், விமானக்காரங்க பென்சிலத் தொடவே விட மாட்டாங்க.

ஒடிஞ்ச வாயப் படிக்கிறது

ஒடிஞ்சே போச்சுன்னா தூக்கிப் போடாதீங்க, ஒடிஞ்ச முகத்தப் பாருங்க, அதுல எல்லாம் எழுதியிருக்கும். அந்தக் கொளச்சல் பிராக்கெட்டுல ஒரு பக்கம் வழவழன்னு இருந்துச்சு, அதுல வரிவரியா வளைவு, சொத்தவிளை கடற்கரையில அலை திரும்பிப் போனா மணல்ல ஒரு கோடு நிக்குமே, அச்சா அதுமாதிரி. இந்தத் தொழில்காரங்க அதுக்குக் கடற்கரைக் கோடுன்னுதான் பேரே வச்சிருக்காங்க. அந்த வளைவுகள் எந்தப் புள்ளியச் சுத்தி இருக்கோ அங்கதான் கிராக் பொறந்துருக்கு. மிச்சம் இருந்த பக்கம் சீனி மாதிரி சொரசொரப்பு, அது கடைசி அடியில சட்டுனு ஒடிஞ்சது.

எனக்க பிராக்கெட்டுல வழவழப்பு முக்கால்வாசிக்கு மேல. அப்படின்னா லோடு ரொம்பக் கூட இல்ல, மிச்சம் கால்வாசிதான் கடைசி வரைக்கும் தாங்கியிருக்கு. கிராக் பொறந்தது வெல்டுக்க கரையில, மேடு இறங்கி பிளேட்டத் தொடுற அந்தச் சின்ன மூலையில. மாசக்கணக்கா வளந்துருக்கு. ஒரு டார்ச் அடிச்சுப் பாத்துருந்தா தெரிஞ்சிருக்கும், அவரும் பாக்கல, பாக்கணும்னு நானும் சொல்லிக் குடுக்கல.

ஒட்டலாமா, தூக்கிப் போடலாமா

ஏணித் தூணுல கிராக்கா, தூக்கிப் போடுங்க. சைக்கிள் பிரேம்ல கிராக்கா, அதுவும் அப்படித்தான். மனுசன் மேல ஏறி நிக்கிற எதையும் நான் இப்ப ஒட்டுறதில்ல, அதுக்காக என்னத் திட்டிட்டுப் போனவங்க நெறைய. மீன் பெட்டி, கேட்டு, தார்ப்பாய் பிரேம், எஞ்சின் கவர் இதெல்லாம் தாராளமா ஒட்டலாம்.

ஏன் இவ்வளவு பயம்னா, 6061 பலமா இருக்கிறது சூடு குடுத்து வாங்குன பலம். பாக்டரியில 530 டிகிரிக்குக் கொண்டுபோய்த் தண்ணியில குளிர வச்சு, திரும்ப 170 டிகிரி பக்கம் பல மணி நேரம் வச்சு வாங்குறது. நீங்க வெல்டு வச்சா ரெண்டு பக்கமும் ஒரு இஞ்சு அளவுக்கு அந்தப் பலம் போயிரும், 31 கிலோ தாங்குனது சுமார் 17-க்கு வந்துரும். அதோட வெல்டு ஒரு மேட்டையும் அதுக்குக் கரையில ஒரு மூலையையும் உண்டாக்கும், ஆட்டம் வந்தா அந்த மூலையில இருந்துதான் கிழிய ஆரம்பிக்கும். கூடுதலா வெல்டு வச்சா கூடுதல் பலம்னு இரும்பு வேலை பாத்து வந்தவங்களுக்கு மனசுல பதிஞ்சு கிடக்கும், அதை முதல்ல மறக்கணும்.

ஒட்டுறதுன்னு முடிவாச்சுன்னா

கிராக்குக்க நுனியக் கண்டுபிடிங்க. கண்ணுக்குத் தெரியுற நுனி உண்மையான நுனி இல்ல, டை போட்டுப் பாத்து, அதுக்குக் கொஞ்சம் தள்ளி 4 - 5 மில்லி ஓட்டை போடுங்க. ஊசி மாதிரி இருக்கிற நுனிய உருண்டையாக்கிட்டா லோடு குவியுறது கொறையும். ஓட்டை போட்ட பொறவு திரும்ப டை போட்டு, அந்தப் பக்கம் கோடு தாண்டிப் போகலியேன்னு பாருங்க. ஓட்டைக்க விளிம்பு பிசிறில்லாம வழவழன்னு இருக்கணும். வெறும் ஓட்டை போட்டு விட்டா கிராக் நிக்காது, கொஞ்ச காலம் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

பொறவு வெடிப்பு பூராவையும் வி மாதிரி அறுத்து எடுக்கணும், மேலோட மேல ஒட்டுனா உள்ள கிராக் அப்படியே கிடக்கும். அசிட்டோன் போட்டுத் துடைச்சு, அலுமினியத்துக்கு மட்டும்னு தனியா வச்சிருக்கிற ஸ்டெயின்லெஸ் பிரஷ்ல தேய்ங்க. மேல இருக்கிற ஆக்சைடு தோல் 2000 டிகிரி தாண்டித்தான் உருகும், உள்ள இருக்கிற அலுமினியம் 600 பக்கத்துலயே உருகிரும், அதனால அந்தத் தோல எடுக்காம வெல்டிங் டார்ச்சப் பிடிச்சா கஞ்சியில ஏடு படிஞ்ச மாதிரி ஆயிரும். ஏசி கரண்ட்ல டிக் வெல்டிங், காத்து படாம மறைக்கச் சுத்த ஆர்கான் கேஸ். 5083-க்கு உருக்கி ஊத்துற கம்பி 5356, 4043 போடாதீங்க, மக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்து ஒட்டு நொறுங்கும். 6061-க்கு ரெண்டும் ஆவும். இரும்பு மாதிரி செவக்கும்னு காத்துட்டு இருக்காதீங்க, அலுமினியம் நிறம் மாறாமலே பொத்துனு கீழ விழும், எனக்க பழைய ஷூவுல இன்னும் அந்த ஓட்டை இருக்கு.

ஒட்டு முடிஞ்சதும் கரையில இருக்கிற மூலைய நைசா தேய்ச்சு, சரிவா பிளேட்டுல இறங்குற மாதிரி பண்ணுங்க. தேய்ச்ச கோடு லோடு இழுக்கிற திசையிலயே ஓடணும், குறுக்கால வேண்டாம்.

கொளச்சல் அண்ணனுக்கு நான் ஒட்டிக் குடுக்கல, புதுசாச் செஞ்சு குடுத்தேன், என் காசுல. 8 மில்லிக்குப் பதிலா 12 மில்லி 5083 பிளேட். வளையுற லோடுக்குக் கனம் ஒன்றரை மடங்கு ஆனா ஸ்ட்ரெஸ், அதாவது ஒரு சதுர மில்லிமீட்டர் மேல விழுற லோடு, பாதிக்கும் கீழ வந்துரும், வெல்டு ஜாயின்ட்ல ஸ்ட்ரெஸ் பாதியானாலே ஆயுசு சுமார் 8 மடங்கு. வெல்ட அதிகமா வளையுற எடத்துல இருந்து தள்ளி வச்சேன், மூலைய எல்லாம் உருட்டுனேன், ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கு நைலான் புஷ்ஷும் வாஷரும் போட்டேன். இப்பவும் ஓடுது. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணி ஊத்திக் கழுவுவாரு, மாசத்துக்கு ஒரு தடவை டார்ச் அடிச்சு அந்த நாலு மூலையையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவாரு. நீங்களும் போட்டோ எடுத்து வைங்க, போன மாசம் அந்தக் கோடு இருந்துச்சான்னு கண்ணால ஞாபகம் வச்சுக்க முடியாது.

கடைசியா தூக்கிப் போடுற விசயம். கிராக் விழுந்த ஒரு ஏணிய வேண்டாம்னு ஒதுக்கி ஷெட்டுக்குப் பின்னாடி சாத்தி வச்சிருந்தேன். ரெண்டு வாரம் கழிச்சு பக்கத்து வீட்டுல பந்தலுக்கு பல்பு கட்ட அதே ஏணி மேல ஒரு பையன் நிக்கான். "அண்ணே சும்மாதான கிடந்துச்சு"ன்னான். அவன இறக்கிவிட்ட கையோட கிரைண்டர எடுத்து ரெண்டு தூணையும் நடுவுல அறுத்தேன், ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய சாமான் எடுக்கிற கடைக்கு, ரெண்டு துண்டாத்தான் போச்சு. நீங்களும் அறுத்துட்டே குடுங்க.